அடைத்த உறையும் திறந்த அட்டையும்

(ஆண்டு விழாவிற்கு முந்திய மாதக் கூட்டத்தில், புசாவல் இரயில்வே காலனித் தமிழன்பர்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று பேசுவதற்கு எமக்கு அளிக்கப்பட்ட பொருள், ‘கைப்பேசிக் காலத்தில் தனிவாழ்வு’ என்பது. கம்பனையும் வள்ளுவனையும் இளங்கோவையும் பற்றி அறிஞர் பலர் பேசிய இம்மேடையில், மெட்ரிகுலேஷன் வரை படித்து இரயில்வேயில் எழுத்தர் வேலை பார்க்கும் எம் போன்றோர் நிற்கத் துணிவதற்கு ஒரு காரணம் உண்டு. ஊராரின் பெயர், வயது, முகவரி, சம்பளம், கடன் பிடித்தம், நோய்ச் சான்று ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு, அவற்றை வெளியே சொல்லாமல் காப்பதே எழுத்தர் தொழில். யாருக்கு எவ்வளவு பிடித்தம் என்பது சம்பளப் பிரிவு எழுத்தருக்குத் தெரியும். ஆனால் அது அந்த எழுத்தரின் மனைவிக்குத் தெரியலாகாது. இந்த ஒழுக்கம் எங்களுக்கு மேசையில் அமர்ந்த முதல் நாளே கற்பிக்கப்பட்டது. இன்று ஒவ்வொரு வீட்டிலும் கைப்பேசி வந்துவிட்டமையால், நாம் ஒவ்வொருவரும் பிறருடைய செய்திகளைக் கையில் வைத்திருக்கும் எழுத்தர்களாகி விட்டோம். ஆனால் அந்த ஒழுக்கம் மட்டும் ஒவ்வொரு வீட்டிற்கும் வந்து சேரவில்லை. இதைப் பற்றியே இன்று உங்களுடன் அளவளாவ விரும்புகிறோம்.

அகமும் புறமும்

தனிவாழ்வு, அந்தரங்கம் என்பதெல்லாம் மேல்நாட்டார் கொண்டுவந்த புதுக் கொள்கை என்று சிலர் கருதுவர். அது பொருந்தாது. வாழ்வையே அகம் என்றும் புறம் என்றும் பகுத்தவர் நம் முன்னோர். அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியரின் பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது தொல்காப்பியம் வகுத்த மரபு. நெடுநல்வாடை என்னும் பத்துப்பாட்டு நூலில் தலைவன் பெயர் கூறப்படவில்லை. எனினும் அதில் பாண்டியர்க்குரிய வேம்பின் அடையாளம் ஓரிடத்தில் வந்துவிட்டது. அந்த ஓர் அடையாளத்தால் ஆள் இன்னான் என்பது வெளிப்பட்டுவிட்டது என்று கொண்டு, அப்பாட்டு அகமன்று, புறமே என உரையாசிரியர் நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார். பெயரை மறைத்தால் மட்டும் போதாது, ஆளைக் காட்டும் அடையாளத்தையும் மறைக்க வேண்டும் என்னும் நுட்பத்தை இதனினும் தெளிவாக விளக்க இயலாது. இன்று நம் பெயரைக் கேளாமலே, நாம் போகும் இடம், வாங்கும் பொருள், உறங்கும் நேரம் ஆகியவற்றைக் கொண்டு நம்மை இன்னார் என்று கண்டுகொள்ளும் கணிப்பொறிகள் செய்வதும் இதுவே.

வள்ளுவரும் புறங்கூறாமைக்கு ஓர் அதிகாரமும், ஊரார் தூற்றும் அலருக்கு ஓர் அதிகாரமும் வகுத்தார். ஆக, பிறர் வாழ்வை ஊர் வாயில் போடுதல் குற்றம் என்பது நமக்குப் புதிய பாடமன்று. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று நம் பாட்டிமார் சொல்லிவந்ததும் இதனை நினைந்தே.

மறைக்க என்ன இருக்கிறது?

“நாம் என்ன திருடினோமா? நம்மிடம் மறைக்க என்ன இருக்கிறது? யார் பார்த்தால் நமக்கென்ன?” என்று நல்லவர்கள் பலர் கேட்கின்றனர். கேள்வி நேர்மையானதே. இதற்கு மறுமொழி நம் தந்தையர் நடையிலேயே இருக்கிறது.

பிழைப்பின் பொருட்டுத் திருநெல்வேலியையும் தஞ்சையையும் சேலத்தையும் விட்டு இங்கு வந்த நம் தந்தையர், ஊருக்குக் கடிதம் எழுதினர். ‘நலம், நலமறிய ஆவல்’ என்பதற்கு அஞ்சலட்டை போதுமானதாக இருந்தது. ஆனால் தங்கையின் திருமணப் பேச்சு, அண்ணனுடன் ஏற்பட்ட மனத்தாங்கல், அடகு வைத்த நகை, மனைவியின் உடல்நிலை ஆகியவற்றை எழுதும்போது, கூடுதல் காசு கொடுத்து உறை வாங்கி, ஒட்டி அனுப்பினர். அவர்கள் குற்றவாளிகளா? அல்லர். தபால்காரர் தீயவரா? அவரும் அல்லர். தபால்காரருக்குத் தேவையானது முகவரி. உள்ளே இருப்பது, பெறுகிறவருக்கு உரியது. யாருக்கு எது உரியதோ அது அவருக்கு, அவ்வளவே அவருக்கு. தனிவாழ்வு என்பதன் பொருள் இவ்வளவுதான். மறைப்பது வேறு, அடைத்து வைப்பது வேறு. வீட்டுக் கதவைத் தாழிடுகிறவன் உள்ளே கள்ள நோட்டு அடிக்கிறான் என்று எவரும் எண்ணுவதில்லை.

அன்று எதற்கு அட்டை, எதற்கு உறை என்று பிரித்தறியும் அறிவு எழுத்தறிவு குறைந்தவர்க்கும் இருந்தது. இன்று எல்லாவற்றையும் திறந்த அட்டையில் எழுதுகிறோம். கேடு இங்கேதான் தொடங்குகிறது.

பெட்டியில் ஒட்டிய பட்டியல்

நம் துறையிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். முன்பெல்லாம் வண்டி புறப்படுமுன், முன்பதிவுப் பெட்டியின் வாயிலருகே ரிசர்வேஷன் சார்ட் ஒட்டுவது வழக்கம். பயணியின் பெயர், ஆணா பெண்ணா என்பது, வயது, படுக்கை எண் ஆகியன அதில் இருக்கும். தம் பெயர் வந்துவிட்டதா என்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நாம் தேடிய அதே தாளில், ‘இருபத்திரண்டு வயதுப் பெண் எந்தப் படுக்கையில் இருக்கிறாள்’ என்று தேடிய கண்களும் இருந்தன. தனியே பயணம் செய்யும் பெண்கள் இதனால் பட்ட தொல்லையை நடைமேடையில் பணியாற்றியவர் அறிவர். 2018 மார்ச் 1 முதல் பெரிய நிலையங்களில் சோதனை முறையில் இவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. காகிதமும் செலவும் மிச்சமாகும் என்பதே அப்போது எடுத்துக் கூறப்பட்ட பயன். எனினும், நினைத்தோ நினையாமலோ, பெண்மக்களுக்கு அதனால் ஒரு காப்புக் கிடைத்தது.

இந்தப் பழைய சார்ட்டையும் இன்றைய நிலையையும் ஒப்பிட்டால் மூன்று வேற்றுமைகள் புலப்படும். ஒன்று, பார்ப்போர் தொகை. அன்று நடைமேடையில் நின்றவர் மட்டுமே பார்த்தனர். இன்று உலகில் எங்கிருப்பவரும் பார்க்கலாம். இரண்டு, காலம். அன்று வண்டி போய்ச் சேர்ந்ததும் தாள் கிழிந்து போயிற்று. இன்று எழுதியது அழிவதில்லை. பத்தாண்டு கழித்தும் எடுத்து நீட்டலாம். மூன்றாவது, எல்லாவற்றிலும் பெரியது, இணைத்துப் பார்த்தல். அன்று சார்ட்டைப் பார்த்தவனுக்கு உங்கள் வங்கிக் கணக்கு தெரியாது. மளிகைக் கடைக்காரருக்கு உங்கள் நோய் தெரியாது. மருத்துவருக்கு உங்கள் கடன் தெரியாது. ஊரெல்லாம் சிதறிக் கிடந்த இச்செய்திகளை ஒரே நூலில் கோத்து, ஒரு மனிதனின் முழு உருவத்தையும் அவனறியாமல் வரைந்து விற்கும் வாணிகம் இன்று நடைபெறுகிறது.

இவ்வாணிகத்தின் ஆசை நம் துறையையும் தொடாமல் விடவில்லை. 1986இல் புது தில்லியில் கணிப்பொறி முன்பதிவு முறை தொடங்கப்பட்டது. 2002இல் இணையவழிப் பயணச்சீட்டு வந்தது. கோடிக்கணக்கான மக்களின் பயண விவரம் இன்று ஓரிடத்தில் குவிந்துள்ளது. 2022 ஆகஸ்டில், இவ்விவரங்களைக் கொண்டு வருவாய் ஈட்டும் வழிகளை ஆராய ஓர் ஆலோசகரை அமர்த்த ஐ.ஆர்.சி.டி.சி. ஒப்பந்தப்புள்ளி கோரியது. பல திக்கிலிருந்தும் எதிர்ப்பு எழுந்தது. தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறாத நிலையில் அதனைத் திரும்பப் பெறுவதாக அம்மாதமே நாடாளுமன்ற நிலைக்குழுவிடம் தெரிவிக்கப்பட்டது. மக்கள் விழிப்போடு கேட்டால் காரியம் நடக்கும் என்பதற்கு இஃது ஒரு சான்று.

ஒருவர் திறந்தால் பலர் வீடு திறக்கும்

“எம் கைப்பேசி, எம் விருப்பம்” என்று இளைஞர்கள் கூறலாம். ஆனால் ஒருவர் கதவைத் திறந்தால் அவருடைய சுற்றத்தார் அனைவர் கதவும் திறந்துகொள்வதே இக்காலத்தின் விந்தை. 2018இல் வெளிப்பட்ட கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா விவகாரத்தை நினைவுபடுத்திக் கொள்வோம். பேஸ்புக்கில் ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் வந்த ஒரு செயலியை இந்தியாவில் ஏற்றுக்கொண்டவர்கள் 335 பேர். அதனால் விவரம் வெளிப்பட்டிருக்கக் கூடிய அவர்தம் நண்பர்கள் 5,62,120 பேர் என்று அந்நிறுவனமே தெரிவித்தது. 335 பேர் இசைந்தனர். ஐந்தரை இலட்சத்திற்கும் மேற்பட்டோரை எவரும் கேட்கவே இல்லை.

உடனடிக் கடன் தரும் செயலிகளின் கதையும் இதுவே. அவசரத்திற்கு ஐயாயிரம் ரூபாய் வாங்கும்போது, கைப்பேசியிலுள்ள எல்லா எண்களையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். நாமும் ‘சரி’ என்று அழுத்திவிடுவோம். தவணை தவறினால், கடன் வாங்காத மாமனாருக்கும், மகள் படிக்கும் பள்ளி ஆசிரியைக்கும் வசைமொழி போய்ச் சேரும். 2020ஆம் ஆண்டின் இறுதியில் தெலங்கானத்தில் இந்த அவமானம் தாளாமல் உயிர் நீத்தவர்களும் உண்டு. பின்னர் 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதித்த நெறிமுறைகள், கடன் செயலிகள் கைப்பேசியிலுள்ள தொடர்பு எண்களையும் படக் கோப்புகளையும் அழைப்புப் பட்டியலையும் தொடலாகாது என்று தடுத்தன. ஆயினும் விதியை மதியாத கள்ளச் செயலிகள் இன்றும் முளைத்த வண்ணம் உள்ளன. ஆதலின் அனுமதி கேட்கும்போது, ‘இந்த வேலைக்கு இது தேவையா?’ என்ற ஒரே கேள்வியை நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். டார்ச் விளக்கு எரிய நம் உறவினர் எண்கள் எதற்கு?

அரசும் ஒற்றாடலும்

வாணிகரை விட்டு அரசின்பால் வருவோம். நாடு என்றால் காவல் வேண்டும், காவல் என்றால் கண்காணிப்பு வேண்டும். இதனை வள்ளுவரும் மறுக்கவில்லை. ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தார். ஆனால் ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும் என்றும் அங்கே கூறினார். மேலும் ஒன்று கவனிக்கற்பாலது. ஒற்றாடல் ஐம்பத்தொன்பதாம் அதிகாரம். அதற்கு முந்திய ஐம்பத்தெட்டாம் அதிகாரம் கண்ணோட்டம். கண்ணுக்கு முதலில் அருள் வேண்டும், அதன் பின்னரே வேவு என்று அவ்வரிசையைக் கொண்டு நாம் பொருள் கொள்ளலாம்.

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்று ஒருவர் இருந்தார். 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டு, சான்று இல்லாமையால் விடுவிக்கப்பட்டவர். ஆயினும் காவல் துறை அவர் பெயரில் ஒரு கண்காணிப்பு ஏட்டைத் திறந்து வைத்தது. இரவில் காவலர் வந்து கதவைத் தட்டுவதும், உறக்கத்திலிருந்து எழுப்புவதும் தொடர்ந்தன. அவர் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1962 டிசம்பரில் வந்த தீர்ப்பு, இரவில் வீடு புகும் விதியை நீக்கியது. ஆனால் தனிவாழ்வு அடிப்படை உரிமையன்று என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டனர். தனிவாழ்வு மனித சுதந்திரத்தின் இன்றியமையாத கூறு என்று மாறுபட்டுத் தீர்ப்பெழுதியவர் நீதிபதி சுப்பா ராவ். அவர் கருத்து வெல்ல ஏறத்தாழ ஐம்பத்தைந்து ஆண்டுகள் ஆயின.

இடையில் 1994இல் நம் தமிழ்நாட்டு வழக்கொன்றில், நக்கீரன் இதழ் ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிடுவது பற்றிய வழக்கில், தன் போக்கில் விடப்படும் உரிமை குடிமகனுக்கு உண்டு என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பொது ஆவணங்களில் உள்ளதை இதழ்கள் வெளியிடலாம் என்ற எல்லையையும் அது வகுத்தது. 1996இல் தொலைபேசி ஒட்டுக்கேட்டலுக்கு நெறிமுறைகள் விதிக்கப்பட்டன. முடிவில், கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி, எண்பதைக் கடந்த வயதில், 2012இல் தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, தனிவாழ்வு அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர். ஓய்வூதியம் பெற்றுக்கொண்டு சாய்வு நாற்காலியில் அமர்ந்திருக்கக் கூடிய வயதில் ஒரு முதியவர் நமக்குத் தேடித் தந்த சொத்து இது. முதியோர் என்ன செய்ய இயலும் என்று சோர்ந்திருப்போர் இதனை நினைவிற் கொள்க.

ஆதார் பற்றியும் சில சொற்கள். நாட்டின் முதல் ஆதார் எண்கள் 2010 செப்டம்பர் 29 அன்று நம் காந்தேஷின் நந்துர்பார் மாவட்டத்து டெம்ப்ளி என்னும் சிற்றூரில்தான் வழங்கப்பட்டன. ஏழைக்கு உரிய மானியம் இடையில் கசியாமல் போய்ச் சேர அது உதவியது என்போரும், கைரேகை பதியாமையால் அரிசி கிடைக்கவில்லை என்போரும் உள்ளனர். இரண்டிலும் உண்மை உண்டு. 2018 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அத்திட்டத்தை ஏற்றது. அதே சமயம், தனியார் நிறுவனங்கள் ஆதாரைக் கேட்க இடமளித்த பிரிவை நீக்கியது. 2019இல் வந்த திருத்தம், விருப்பத்தின் பேரில் அதனைப் பயன்படுத்த வழிசெய்தது. நம் இரயில்வேயிலும் 2025 ஜூலை முதல் இணையவழியில் தட்கல் சீட்டுப் பெற ஆதார் சரிபார்ப்பு வேண்டும். தரகரை ஒழிப்பது அதன் நோக்கம். சட்டம் கேட்கும் இடத்தில் கொடுப்போம். ஆனால் கைப்பேசிக் கடையிலும், விடுதியிலும், ஜெராக்ஸ் எடுக்கும் இடத்திலும் படியை விட்டுவிட்டு வருவது தேவையா? கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைத்த ஆதாரை எவரும் இலவசமாகப் பெறலாம். கைரேகையைப் பூட்டி வைக்கும் வசதியும் உண்டு. இவற்றை நம்மில் எத்தனை பேர் பயன்படுத்துகிறோம்?

வதந்தி கொன்ற ஐவர்

இதுவரை நம்மைப் பிறர் பார்ப்பதைப் பற்றிப் பேசினோம். நாம் பிறரைப் பார்க்கும் பார்வையும் மாறிவிட்டது. 2018 ஜூலை 1 அன்று, நமக்கு அயல் மாவட்டமான தூளேயில், ரைன்பாடா என்னும் சிற்றூரின் வாரச் சந்தை நாளில், ஊர் ஊராகச் சென்று பிச்சை ஏற்று வாழும் நாடோடிச் சமூகத்தவர் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர். பிள்ளை பிடிப்போர் வந்திருக்கின்றனர் என்று வாட்ஸ்அப்பில் பரவிய பொய்யே அதற்குக் காரணம். அதே ஆண்டு மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், குலதெய்வக் கோயிலுக்கு வழி தேடிச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்த குற்றத்திற்காகக் கொல்லப்பட்டார். அம்மாதமும் அடுத்த மாதமும் வேறு பல ஊர்களிலும் இத்தகைய கொலைகள் நிகழ்ந்தன. அதன் பின்னரே, ஒரு செய்தியை ஐந்து பேருக்கு மேல் ஒரே முறையில் அனுப்ப இயலாதவாறு இந்தியாவில் அந்நிறுவனம் கட்டுப்பாடு விதித்தது.

வேற்றூரிலிருந்து வந்து பிழைப்போராகிய நாம் இதனை மற்றவரினும் கூர்ந்து உணர வேண்டும். ரைன்பாடாவில் இறந்தவர் ஐவரும் அவ்வூருக்கு அயலார். அயலாராயிருந்ததே அவர்கள் செய்த பிழை. 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுகின்றனர் என்று பொய்ப் படங்கள் பரவின. அஞ்சிய தொழிலாளர் பலர் வண்டி ஏறினர். பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு சென்று பார்த்துச் செய்தி பொய்யென்று கண்டது. அந்நாளில் வடபுலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களின் உள்ளம் எப்படித் துடித்திருக்கும் என்பதை இங்கே விளக்க வேண்டுவதில்லை. கேட்டதும் பொய், கண்டதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்னும் பழமொழி, கைப்பேசிக்காகவே சொல்லி வைத்தது போல் இருக்கிறது.

காலனியில் கண்டவை

இனி நம் வாயிலுக்கு வருவோம். நம் காலனியில் அண்மையில் ஓய்வு பெற்ற அன்பர் ஒருவருக்கு ஓர் அழைப்பு வந்தது. காவல் உடையில் ஒருவன் திரையில் தோன்றி, “உங்கள் பெயரில் கள்ளப் பணம் கைமாறியிருக்கிறது. உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம். கேமராவை அணைக்காதீர்கள், எவரிடமும் பேசாதீர்கள்” என்றான். அன்பரின் பெயர், ஓய்வு பெற்ற மாதம், மகன் வேலை பார்க்கும் ஊர் அனைத்தையும் பிழையின்றிச் சொன்னான். அதனாலேயே அன்பர் நடுங்கிப் போனார். இத்தனையும் அறிந்தவன் உண்மையான அதிகாரியாகத்தானே இருக்க வேண்டும் என்று அவர் எண்ணினார். நல்லவேளை, அடுக்களையிலிருந்து வந்த அவர் துணைவியார், “ஐயா, எங்கள் ஊர்க் காவல் நிலையம் நடந்து போகும் தூரத்தில்தான் இருக்கிறது. நாங்கள் இருவரும் அங்கே போய் உட்காருகிறோம், நீங்களும் அங்கேயே வாருங்கள்” என்றார். அழைப்பு அறுந்தது. சேமநிதிப் பணம் தப்பியது.

டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே வானொலி உரையில் இதனை நாட்டு மக்களுக்கு எச்சரித்தார். ஏமாற்றப்பட்டவர் காலந்தாழ்த்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். இவை நீங்கள் அறிந்தவையே. ஆனால் அவனுக்கு அச்செய்திகள் எங்கிருந்து கிடைத்தன? அறுதியிட்டுக் கூற எவராலும் இயலாது. ஆயினும் பெயர், மாதம், மகனின் ஊர் ஆகிய மூன்றும், அன்பரைப் பாராட்டிக் காலனிக் குழுவில் பரவிய ஒரே வாழ்த்துச் செய்தியில், படத்துடன் இருந்தன. இருநூறு பேர் உள்ள குழுவில் இட்டது வீட்டுக் கூடத்தில் சொன்னது ஆகாது. அது நடைமேடையில் ஒட்டிய சார்ட்.

மற்றொன்று. ஆண்டுதோறும் நம் விழாவில் ஆடி மகிழ்வித்த ஒரு பெண் குழந்தை, இப்போது கல்லூரி மாணவி, இவ்வாண்டு மேடையேற மறுத்துவிட்டாள். காரணம் கேட்டோம். “மேடையில் ஆடப் பயமில்லை மாமா. ஆடி முடித்த பிறகு அது எங்கெங்கே போகுமோ என்றுதான் பயம்” என்றாள். கண்காணிப்பின் முழுக் கேடும் அச்சிறுமியின் சொல்லில் அடங்கியுள்ளது. பார்க்கப்படுகிறோம் என்று அறிந்த மனிதன் தவறு செய்வதை மட்டும் விடுவதில்லை. பாடுவதை விடுகிறான். கேள்வி கேட்பதை விடுகிறான். புதிதாக ஒன்றை முயன்று தோற்பதற்கும் அஞ்சுகிறான். மாமியார் மருமகளின் கைப்பேசியையும், கணவன் மனைவியின் கைப்பேசியையும், தந்தை மகனின் கைப்பேசியையும் நாள்தோறும் துருவிப் பார்க்கும் வீட்டில், ஒழுக்கம் வளர்வதில்லை. ஒளித்து வைக்கும் திறமையே வளர்கிறது. சிறுவர்க்குக் காவல் வேண்டும், உண்மை. ஆனால் காவல் என்பது உடனிருந்து கற்பிப்பது. திருட்டுத்தனமாகத் திறந்து பார்ப்பது காவலாகாது.

சங்கம் செய்யத்தக்கவை

சட்டம் நமக்குத் துணை வருமா? ஓரளவு வரும். 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. 2025 நவம்பரில் விதிகள் வெளியாயின. முக்கியக் கடமைகளை நிறைவேற்ற நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் அளிக்கப்பட்டது. நம் இசைவு பெற்றே விவரம் வாங்க வேண்டும், கேட்டால் திருத்தவும் அழிக்கவும் வேண்டும், 18 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் இசைவு வேண்டும், தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் என்பன அதன் சாரம். அரசு அமைப்புகளுக்கு விலக்களிக்க அதில் இடம் இருப்பதை அறிஞர் பலர் குறை கூறுகின்றனர். அக்குறை சிந்திக்கத்தக்கதே. மேலும், தனி மனிதர் தம் சொந்த, வீட்டுக் காரியத்திற்காகச் செய்வனவற்றிற்கு அச்சட்டம் பொருந்தாது. ஆகவே அண்டை வீட்டார் ஒருவருக்கொருவர் காட்டும் மதிப்பைச் சட்டம் கொண்டுவந்து தராது. அதனை நாமே வழக்கமாக்கிக் கொள்ள வேண்டும்.

இதன் பொருட்டுச் செயற்குழுவின் முன் ஐந்து வேண்டுகோளை வைக்கிறோம்.

முதலாவது, ஆண்டு மலரின் கடைசிப் பக்கங்களில் உறுப்பினர் பெயர், குவார்ட்டர்ஸ் எண், கைப்பேசி எண், பிறந்த நாள், இரத்த வகை ஆகியவற்றை அச்சிடும் வழக்கம் நீண்ட நாளாக உள்ளது. ஒருவரையொருவர் அறியாத காலத்தில் அது நமக்குப் பாலமாக இருந்தது. இன்று அம்மலரைப் படம் பிடித்து எவரும் எங்கும் அனுப்பலாம். ஆதலின் பெயரும் சொந்த ஊரும் மட்டும் அச்சாகட்டும். எண்ணை அச்சிட விரும்புவோரிடம் கையொப்பம் பெறலாம். முழு விவரம் செயலாளரின் பதிவேட்டில் இருக்கட்டும். நள்ளிரவில் இரத்தம் தேவைப்பட்டால் செயலாளர் கதவைத் தட்டுவோம்.

இரண்டாவது, பாராட்டும் வாழ்த்தும் குறைய வேண்டா. ஆனால் அவற்றில் பணம், தேதி, பிள்ளைகள் இருக்கும் ஊர் ஆகியன வேண்டா. குழந்தைகள் படத்தைப் பெற்றோர் இசைவின்றியும், பெரியவர் படத்தை அவரைக் கேளாமலும் வெளியிட வேண்டா. விழா நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய ஒருவரை மட்டும் நியமிப்போம். அந்தப் பெண் மீண்டும் மேடையேற இது ஒன்றே போதும்.

மூன்றாவது, கோடை விடுமுறையில் ஊர் செல்லக் கூட்டாகச் சீட்டு எடுக்கும்போது வாங்கும் ஆதார் படிகளை வேலை முடிந்தவுடன் உரியவரிடம் திருப்பித் தர வேண்டும். சங்க அலமாரி அவற்றிற்கு உரிய இடமன்று. சங்க வாயிலில் கேமரா பொருத்த வேண்டும் என்று வந்துள்ள வேண்டுகோளையும் ஏற்கலாம். ஆனால் பதிவை யார் பார்ப்பது, எத்தனை நாள் வைப்பது என்பதை முதலில் எழுதிவிட்டுப் பிறகு பொருத்த வேண்டும்.

நான்காவது, மாதம் ஒரு ஞாயிறு மாலை, இளைஞர்கள் முதியோருடன் ஒரு மணி நேரம் அமர்ந்து, கைப்பேசியில் எதைத் திறப்பது, எதை அடைப்பது என்று கற்பிக்க வேண்டும். கற்பிக்கும்போது முதியவரின் செய்திகளைப் படிக்காமலிருக்கும் பண்பும் அவர்களுக்குப் பயிற்சியாகும்.

ஐந்தாவது, நாம் அறியாத, சரிபார்க்காத எச்செய்தியையும் நம் குழுவிலிருந்து ஒருவருக்கும் அனுப்புவதில்லை என்று ஒரு தீர்மானம் வேண்டும். ரைன்பாடாவின் ஐவருக்கு நம்மால் செய்யக்கூடிய அஞ்சலி அதுவே.

அன்பர்களே! கருவிகளைக் குறை கூறி ஒதுங்க நாம் இங்கே கூடவில்லை. ஊரில் தனித்திருக்கும் தாயின் முகத்தை நாள்தோறும் காட்டித் தருவது இக்கைப்பேசியே. மாதக் கணக்கில் கடிதத்திற்குக் காத்திருந்த நம் தந்தையர்க்குக் கிடைக்காத பேறு அது. அப்பேற்றைப் போற்றுவோம். ஆனால் அவர்கள் கைக்கொண்டிருந்த விவேகத்தையும் உடன் கைக்கொள்வோம். எழுதுமுன், இது அட்டைக்கு உரியதா, உறைக்கு உரியதா என்று ஒரு கணம் எண்ணுவோம். பிறர் உறை நம் கைக்கு வந்தால், பிரிக்காமல் உரியவரிடம் சேர்ப்போம்.

இவ்வேண்டுகோள்களைப் பொதுக்குழு ஆராய்ந்து ஆவன செய்யும் என்று நம்புகிறோம்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!